ஆட்டுக்கு ஓர் ஆட்டம்

கேள்வி: ஜெர்மனியின் ஃபிராங்கோனியாவில் ‘கெர்வா’ என்று கொண்டாடுகிறார்களாமே, அது பக்தி விழாவா, பீர் விழாவா?

பதில்: தேவாலயத்தை அர்ப்பணித்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் வருவது. காலையில் ஆராதனை, அது முடிந்ததும் ஊரே பீர் கூடாரத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். எர்லாங்கன் நகரில் இந்தக் கூத்து 1755 முதல் நடக்கிறது.

ஆனால் சுவாரசியம் சின்ன ஊர்களில்தான். இளவட்டங்கள் காட்டிலிருந்து நெட்டை மரமொன்றை வெட்டி வந்து, உச்சியில் மட்டும் பச்சையை விட்டுவைத்து, நீளக் கழிகளால் முட்டுக் கொடுத்து, கூச்சலோடு நிமிர்த்துவார்கள். கிரேன் வைத்தால் சட்டென்று முடியும். அப்புறம் நின்று யோசனை சொல்லப் பெரிசுகளுக்கு வாய்ப்பேது? ராத்திரி காவல் வேறு. அசந்தால் பக்கத்து ஊர்க்காரன் மரத்தை அறுத்துவிடுவான்!

பிறகு ஜோடிகள் மரத்தைச் சுற்றி ஆட, பூச்செண்டு ஒன்று கைமாறிக்கொண்டே போகும். அலாரம் கடிகாரம் அலறும் நொடியில் செண்டு யார் கையிலோ, பரிசு அவர்களுக்கு. அந்தக் காலத்தில் பரிசு, செம்மறி ஆடு.

ஊரார் மானத்தை வாங்கும் நாலு வரி நையாண்டிப் பாட்டுகளும் உண்டு. மேயர்கூடத் தப்ப முடியாது. கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் எட்டு வரி!