ஏர்பேட்டு விஞ்ஞானி

ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் ஏர்பேடு. 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.க்கும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்துக்கும் இங்கேதான் வளாகம். ஆகவே, இந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தாலே தானும் விஞ்ஞானி என்று என் மச்சான் நம்புகிறார்.

"விண்டோஸ் வாடகை வீடு, லினக்ஸ் சொந்த வீடு" என்பார். சொந்த வீட்டில் பிரிண்டர் மட்டும் ஓடாது. சுதேசிப் பற்று முற்றி, அரசு நிறுவனமான சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸைப் போட்டார். "அடியில் இருப்பது டெபியன்" என்றேன். "அப்போ சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான போன் இயங்குதளம் பாரோஸ்?" என்றார். "அதற்கு அடியில் ஆண்ட்ராய்டு" என்றேன். "இட்லி நம்மளோடதுதானே மச்சான், அரிசி எந்த வயல்ல விளைஞ்சா என்ன?" என்றார். அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இயற்பியலையும் விடவில்லை. "ஐன்ஸ்டீனால் பைசா பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டார், கையில் ஜி.பி.எஸ். வரைபடத்தைப் பார்த்தபடி. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் பூமிக் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். சார்பியலைக் கொண்டுதான் அதைச் சரிக்கட்டுகிறார்கள். 38 மைக்ரோ விநாடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். ஐன்ஸ்டீன் இல்லாவிட்டால் மச்சானின் வீடு காளஹஸ்திப் பக்கம் நகர்ந்திருக்கும்.

அதுவும் அவருக்குச் சம்மதமே. காளஹஸ்தி ராகு கேது பூஜைக்குப் பேர்போன தலம். போன வாரம் வாங்கிய புது போனுக்கு முதல் அப்டேட்டை, ராகுகாலம் முடிந்த பிறகுதான் போட்டார்.