சம்ப் பம்ப் அண்ணை

ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் கழிந்தால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குச் சம்ப் பம்ப் அண்ணை வரத் தொடங்குவார். குடும்பத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. வந்ததும் சுகம் விசாரிக்க மாட்டார், தேத்தண்ணியும் வேண்டாம். "கிடங்கு எங்கை?" என்றபடி பேஸ்மென்ற் படியில் இறங்கிவிடுவார்.

அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த ஓட்டைக் குழாய்கள் நிலத்து நீரையெல்லாம் பேஸ்மென்ற் தரையில் தோண்டிய அந்தக் கிடங்கில் கொண்டுவந்து விடும். மிதவை எழும்பினால் பம்ப் தண்ணீரை வெளியே தள்ளும். பனிக்காலத்தில் நிலமே இறுகிவிடுமே, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நிலம் உறைவது நாலடி வரைதான், பேஸ்மென்ற் தரை அதற்கும் கீழே, ஜனவரியில் ரெண்டு நாள் வெயில் எறித்து ஸ்னோ உருகினால் போதும் என்று சோறு ஆறும்வரை விளக்குவார். துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்களின் பேரன், கேட்காமலே வரும் தண்ணீருக்கு இங்கே காவல் இருக்கிறார்.

பிறகு சோதனை. ஒரு வாளித் தண்ணீரைக் கிடங்குக்குள் மெதுவாக ஊற்றுவார். மிதவை எழும்பும், மோட்டர் உறுமும். அண்ணை, சுருதி பிடிக்கும் பாகவதர் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர் மூச்சு விடக்கூடாது.

அடுத்தது வெளிப்புறம். சுவரிலிருந்து புல்தரைக்கு நீண்டு கிடக்கும் கறுப்பு நெளிவுக் குழாயைக் கண்டதும் முகம் மாறும்.

"தம்பி, உதை இன்னும் கழட்டேல்லையோ?"

"குளிர் வரட்டும் அண்ணை."

"வந்தாப் பிறகு கழட்ட ஏலாது. பள்ளத்திலை நிக்கிற தண்ணி உறைஞ்சு அடைக்கும். பம்ப் தள்ளித் தள்ளி மோட்டர் எரியும். பிறகு நீர் கீழை படகு விடலாம்."

2013 டிசம்பரில் உறைமழை கொட்டி, ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் போயின. விடிந்தால் நத்தார் என்ற நிலையிலும் பல வீடுகள் இருட்டில். எல்லோரும் போனில் "வீட்டிலை ஹீற் இருக்கோ, குழந்தையள் எப்பிடி?" என்று கேட்டார்கள். அண்ணை கேட்டது வேறு: "கிடங்கிலை தண்ணி எவ்வளவு உயரம்? பற்றரி பம்ப் ஒண்டு வையுங்கோ எண்டு சொன்னனான், கேட்டியளோ?" சொன்னது நடந்துவிட்ட மனிதரின் குரலில் இருக்கும் அந்த மெல்லிய சந்தோசத்தை எந்த இருட்டும் மறைக்காது.

இப்படிப்பட்டவரை மாப்பிள்ளை வீடு பார்க்க அனுப்பியது பெண்வீட்டாரின் துணிச்சல். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தீர்ப்பைச் சொன்னார்.

"சரிவராது. பைப்பிலை செக் வால்வ் இல்லை. மேலை தள்ளின தண்ணி திரும்பக் கிடங்குக்கை விழுது. பம்ப் அதையே திருப்பித் திருப்பி இறைக்குது."

"அது கிடக்கட்டும், பெடியன் எப்பிடி?" என்றார் தாய்க்காரி.

"பெடியனோ? ரோச் லைற் பிடிச்சது அவன்தான் போலை."