ஜி.எஸ்.டி. சாலையின் காப்பி சமஸ்தானங்கள்

கடைக்கு வருகிறவனே கடைக்கு எஜமானன் என்ற கொள்கையை நம்பிக்கொண்டு ஒரு மனிதன் எங்கள் பக்கத்துக் காப்பிக் கடைக்குள் நுழைவானாகில், அவன் இந்தப் பிரதேசத்துக்குப் புதியவன் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று நீளும் ஜி.எஸ்.டி. சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும், சொந்த முதலைப் போட்டுச் சொந்தக் கையாலேயே கல்லாவைத் திறந்து மூடும் முதலாளிகளின் கடைகள் ஒவ்வொன்றும் ஒரு தனிச் சமஸ்தானம். சர்தார் படேலின் முயற்சியால் 560-க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இந்திய யூனியனில் ஐக்கியமாகிவிட்டன என்று சரித்திரப் புத்தகங்கள் கூறினாலும், இவை மட்டும் எந்த யூனியனிலும் சேராமல், தத்தம் சட்டத்தையும் தத்தம் டிகாக்ஷனையும் தாமே வகுத்துக்கொண்டு சுயேச்சையாக விளங்கி வருகின்றன.

நெடுஞ்சாலையின் ஓரத்தில் பித்தளை டபராவைப் படமாக வரைந்து, ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்று பலகை வைத்திருக்கும் பெரிய கடைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கும்பகோணம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் பலகைகளை மாத்திரம் நம்பினால், காவேரி நதி இரும்புலியூருக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் மாணவர்களுக்கு வழங்கியிருக்கும் பட்டங்களைக் காட்டிலும் சாலையோரப் பலகைகள் காப்பிக்கு வழங்கியிருக்கும் டிகிரிகள் அதிகம் என்பது என் அபிப்பிராயம். முன்னதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் மேற்பார்வையாவது உண்டு. அந்தப் பெரிய கடைகள், காரில் வந்து இறங்கி, கால் நீட்டி, கைப்பேசியில் டபராவைப் படம் பிடித்துக்கொண்டு திண்டிவனம் நோக்கிப் பறந்துவிடும் ஜனங்களுக்காக ஏற்பட்டவை. பிரஜைகள் அப்படிப் பறந்து கொண்டிருந்தால் அங்கே ராஜாங்கம் எப்படி நிலைபெறும்?

உள்தெருக் கடைகளின் விஷயம் வேறு. வண்டலூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒரு கடையை எடுத்துக்கொள்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையில் எனக்குக் காப்பி கிடைக்காது. வாசலில் இரண்டு பெஞ்சுகள். உள்ளே விபூதிப் பட்டையும் குங்குமமும் துலங்கும் பாய்லர். அதன் பக்கத்தில், விடியற்காலை நாலு மணிக்கே பொடியை அமுக்கி வெந்நீரை ஊற்றி மூடிவைத்த பித்தளை பில்டர். அந்த பில்டரைத் தட்டவோ அசைக்கவோ மாஸ்டருக்கே உரிமையில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் முதல் டிகாக்ஷன் யார் யாருக்கு என்பதைக் கல்லாவில் இருக்கும் முதலாளி தம்முடைய புருவ அசைவினாலேயே தீர்மானிக்கிறார். பால்காரர், பத்திரிகை போடும் பையன், முதல் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் ஆகியோர் பிரபுக்களின் வரிசையில் வருகிறார்கள். என்னைப் போல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஏழரை மணிக்கு மேல் சாவகாசமாக வந்து சேருகிறவர்கள், ஆயுளில் எத்தனை கோப்புகளில் கையெழுத்திட்டிருந்தாலும், இரண்டாம் டிகாக்ஷனுக்குரிய குடிபடைகளே. முதல் டிகாக்ஷன் கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கும் என்று பால்காரர் சொல்லக் கேள்வி.

மாஸ்டரின் கைவேலையை மட்டும் எந்த அந்தஸ்து வித்தியாசமும் இல்லாமல் யாரும் பார்க்கலாம். டம்ளரின் அடியில் சர்க்கரை, அதன்மேல் ஒரு விரற்கடைக்கு டிகாக்ஷன், பிறகு அகப்பையை முழங்கை உயரத்துக்குத் தூக்கி அங்கிருந்து பாலை விட்டு, டபராவுக்கும் டம்ளருக்குமாக ஒரே ஓர் ஆற்று ஆற்றி, எழும்பி நிற்கும் வெள்ளை நுரையின் தலையில் கடைசியாக இன்னும் கொஞ்சம் டிகாக்ஷனை வட்டமாகச் சுற்றி விடுவார். ‘ஸ்ட்ராங்’ என்று கேட்டவர்களுக்கு அந்த வட்டம் சற்றுப் பெரியதாக விழும். உள்ளே இருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஒரு வதந்தி உண்டு.

என்னுடைய நீண்டகால விவகாரம் சர்க்கரையைப் பற்றியது. “மாஸ்டர், சக்கரை கம்மியா ஒரு காப்பி” என்று நான் சொன்னதும், மாஸ்டர் முதலாளியைப் பார்ப்பார். முதலாளி என்னைப் பார்ப்பார்.

“எவ்ளோ கம்மி சார்?”

“பாதி.”

“பாதி போட்டா காப்பி நிக்காது சார். குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

குடித்துப் பார்ப்பேன், வழக்கமான சர்க்கரையே வழக்கமான அளவில் இருக்கும். வைத்தியர் எனக்கு விதித்த வரம்பைப் பற்றிப் பிரஸ்தாபித்தால், தம்முடைய தகப்பனார் எண்பத்திரண்டு வயது வரையில் இதே சர்க்கரையைத்தான் குடித்தார் என்று தீர்ப்பு வரும். அதன்மேல் அப்பீல் கிடையாது.

இத்தனைக்கும் அவருடைய தலைக்கு மேலே, சட்டமிட்டுக் கண்ணாடி போட்ட ஒரு வாசகம் தொங்குகிறது. தமிழ்நாட்டில் பாத்திரக் கடை முதல் வங்கி வரையில் தொங்குகிற அதே வாசகந்தான். வாடிக்கையாளரின் மகிமையைக் குறித்துக் காந்தியடிகள் அருளியதாகச் சொல்லப்படுவது. அவருடைய எழுத்துகள் 100 தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன. அவற்றில் இந்த வாசகம் அகப்படவில்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். அகப்படுவது வேறொன்று. 1942-இல் கைதாகிப் பூனாவில் ஆகாகான் மாளிகையில் அடைபட்டிருந்த காலத்தில் ஆரோக்கியத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், தேநீர், காப்பி, கோகோ ஆகிய மூன்றும் மனித உடம்புக்கு வேண்டியவையல்ல என்று எழுதியிருக்கிறார். அந்த மகான் சொல்லாததற்குச் சட்டம் போட்டு, சொன்னதைப் பாய்லர் ஆவியில் கரைத்துவிட்டு, எங்கள் முதலாளி தினந்தோறும் அந்தப் படத்துக்குப் பூவும் சாத்தி வருகிறார்.

சிக்கரி விஷயத்தில் அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. காப்பி, சிக்கரி கலந்த பொடியில் சிக்கரி 49 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாதென்றும், கலப்பின் விகிதத்தை உறையில் அச்சிட வேண்டுமென்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் டம்ளருக்கு ஏது உறை? ஒரு சமயம் ஒரு வாலிபர், தாம் பெங்களூரில் வேலை பார்த்தவர் என்ற தைரியத்தில், “என்ன ரேஷியோ அண்ணே?” என்று கேட்டுவிட்டார். கடையில் ஸ்பூன் சத்தம் கூட அடங்கிப் போயிற்று. முதலாளி நிதானமாக, “நல்ல ரேஷியோதான் தம்பி” என்றார். பாபா பூதன் என்ற சூபி ஞானி மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பி விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பதுதான் இந்த நாட்டுக் காப்பியின் பூர்வோத்தரம் என்று ஐதீகம். ஆதியிலேயே கடத்தலில் பிறந்த வஸ்துவின் கணக்கு வழக்குகளை அதிகமாகக் கிளறுவது மரியாதையல்ல.

பிரஜைக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டணத்தில் குளிர்சாதனம் செய்த பெரிய காப்பி நிலையங்களில் கண்டிருக்கிறேன். 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் தொடங்கிய சுதேசி நிறுவனமும், 2012-இல் பம்பாயில் வந்திறங்கிய அமெரிக்க நிறுவனமும் நம்மவர்களுக்கு அந்தச் சுகத்தைப் பழக்கிவைத்தன. கோப்பை எந்த அளவு, பால் எந்த வகை, மேலே என்ன தூவ வேண்டும், நம்முடைய பெயர் என்ன என்று ஒரு பெண் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டே போகையில், அத்தனைக்கும் விடை சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காப்பி ஆசையே அடங்கிவிடுகிறது. வண்டலூரில் என் பெயரை இன்றுவரையில் யாரும் கேட்டதில்லை. நான் ‘சார்’, எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் ‘போஸ்டாபீஸ் சார்’.

சமஸ்தானத்துக்கு வெளியிலிருந்தும் படையெடுப்புகள் வருவதுண்டு. 1855-இல் சென்னையில் தோன்றி, 1985-இல் இங்கே குடிபெயர்ந்த உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை அறியாமல் வெளியூரிலிருந்து குழந்தை குட்டிகளுடன் வந்து சேரும் குடும்பங்கள், புலியைப் பார்க்க முடியாத கோபத்தை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துதான் தணித்துக்கொள்கின்றன. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்த பிற்பாடு, மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஏறி விடியுமுன் இறங்குகிற பிரயாணிகளில் சிலர் எப்படியோ இந்தத் தெரு வரையில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். முறை தெரியாத அவர்களில் ஒருவர் முதல் டிகாக்ஷனையே வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்ற செய்தி அன்றைய தினம் முழுவதும் பெஞ்சுகளில் கண்டனத்துடன் விவாதிக்கப்பட்டது.

பிரேசிலில் மழை பொய்த்து, வியட்நாமும் வறண்டு, 2024-இல் உலகச் சந்தையில் கொட்டை விலை எகிறிய காலத்தில், ‘இன்று முதல்’ என்று ஆரம்பிக்கும் ஒரு காகிதம் எங்கள் கடைச் சுவரிலும் ஒட்டப்பட்டது. காரணம் கேட்ட போஸ்டாபீஸ் சாருக்கு, “பிரேசில்ல மழ இல்ல சார்” என்று பதில் கிடைத்தது. சில்லறைக்காக நடந்த பழைய சண்டைகளும் இப்போது இல்லை. கைப்பேசியைக் காட்டியதும் கல்லாவின் பக்கத்துப் பெட்டியிலிருந்து ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று ஓர் அசரீரி எழுகிறது. கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அந்த நிசப்தத்திலேயே அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

சென்ற ஆடியில், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போகிறோம் என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டு முதலாளி கடையைச் சாத்தினார். எத்தனை நாள் என்று அட்டை சொல்லவில்லை. போக்கிடமற்ற நாங்கள் திசைக்கொருவராகச் சிதறினோம்; நான் முக்குக் கடைக்குப் போனேன். அங்கே, பாதிச் சர்க்கரை கேட்டதும் பாதிச் சர்க்கரையே போட்டுக் கொடுத்தார்கள். நாக்குக்கு என்னவோ போலிருந்தது.

திரும்பி வந்த முதலாளி, என் முகத்தை நிமிர்ந்து பாராமலே கேட்டார்: “முக்குக் கடையில காப்பி எப்டி சார் இருந்துச்சு?”

“சூடு பத்தலை” என்றேன்.

அவர் மாஸ்டரின் பக்கம் திரும்பி, “சாருக்குச் சக்கரை பாதி போடு” என்றார்.