துணைக்கு ஒருவர்

மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் சிங்கம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை அதற்கு ஓய்வுக்கே சரியாகப் போய்விடுகிறது. தொந்தரவெல்லாம் ஜீப்பில் பக்கத்தில் இருக்கும் துணையால்தான். விடியுமுன் எழுப்பிக் கூட்டிவந்தால், புதரடியில் மல்லாந்து கிடப்பதைக் காட்டி, "இது எப்பங்க எழுந்திருக்கும்?" என்பார், முகூர்த்த நேரம் விசாரிப்பவர் மாதிரி.

அதற்குள் ஓட்டுநரின் ரேடியோ கரகரக்கும். எங்கோ சிறுத்தையாம்! வண்டிகள் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும். போய்ப் பார்த்தால் கிளையிலிருந்து வால் மட்டும் தொங்கும். துணைக்கு அது போதும். சிங்கம், யானை, எருமை, காண்டாமிருகம், சிறுத்தை என்ற 'பெரிய ஐந்தில்' ஒன்று தீர்ந்தது. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை எவையோ, அவைதான் அதில். பாவம் ஒட்டகச்சிவிங்கி, தகுதி பெறவில்லை.

ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் போனால் மாரா ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் கூட்டம் நிற்கும். இறங்கலாமா வேண்டாமா என்று மணிக்கணக்கில் யோசிக்கும். முதலைகூடப் பொறுமையாகக் காத்திருக்கும். துணை மட்டும் மத்தியானச் சாப்பாட்டை நினைவூட்டுவார். கடைசியில் முதல் வில்டபீஸ்ட் தண்ணீரில் குதிக்கையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்.