கிளறிவிட்ட கேள்விகள்

கே: கடையில் நாலைந்து விதக் கரிப் பைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாமே கறுப்புதான். எதைப் பார்த்து வாங்குவது? (நியூஜெர்சி வாசகர்)

ப: முன்பக்கத்து இறைச்சிப் படத்தைப் பார்க்காதீர்கள், அது ஸ்டுடியோவில் வெந்தது. பையைத் திருப்புங்கள். சாதாரண பிரிக்கெட் என்பது மரக்கரித் தூளை ஸ்டார்ச் பசையில் குழைத்து அச்சில் அழுத்திய கட்டி. சில கம்பெனிகள் இதோடு நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கும். நிலக்கரி சூட்டுக்கு. மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்து ‘அடுப்பு தயார்’ என்று காட்டச் சுண்ணாம்பு. அச்சில் ஒட்டாமல் கழன்று வரத் துளி போராக்ஸ். வெறும் மரக்கரியும் ஸ்டார்ச்சும் மட்டும் போட்ட பைகளும் உண்டு. என் கை போவது அதற்குத்தான். சாம்பல் குறைவு, அடியிலுள்ள காற்றுத் துளை அடைக்காது.

ஒப்பிட்டே தீருவேன் என்றால் எண்ணி வைத்து ஒப்பிடாதீர்கள். கட்டியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டையும் ஒரே எடையில் எடுத்து, ஒரே அடுப்பில், ஒரே அளவு துளை திறந்து எரியவிடுங்கள். முற்றும் ஆறிய பிறகு சாம்பலை நிறுத்துப் பாருங்கள். எது அதிகம் கனக்கிறதோ, அந்தப் பையில் எரியாத சரக்குக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

கே: விலை கூடின பிரிக்கெட்டில் சுட்டால் ருசி கூடுமா? (சிங்கப்பூர் வாசகி)

ப: கூடும், விலையை விருந்தாளிகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டால். மரம் கரியாகும்போதே அதன் வாசனைப் பொருள்களில் பெரும்பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. நாக்கில் ஊறவைக்கும் அந்த ‘சுட்ட வாசம்’ கொழுப்பும் மசாலாவும் தணலில் சொட்டிப் புகைந்து மறுபடி இறைச்சிமேல் படிவதால் வருவது. மரவாசம் வேண்டுமென்றால் நன்றாகப் பிடித்த தணல்மேல் ஒரு துண்டு ஹிக்கரியோ ஆப்பிள் கட்டையோ போடுங்கள். கரியிடம் கேட்க வேண்டியது இரண்டே: எவ்வளவு சூடு, எத்தனை நேரம்.

கே: பிரிக்கெட்டைக் கண்டுபிடித்தது கார் கம்பெனி ஃபோர்டு என்கிறார்களே, கதையா? (மதுரை வாசகர்)

ப: பாதி கதை. பென்சில்வேனியாவின் எல்ஸ்வொர்த் ஸ்வாயர் 1897லேயே பிரிக்கெட் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஃபோர்டு செய்தது வியாபாரம். மாடல் டி காரில் மரப் பாகங்கள் நிறைய. அதற்காக மிச்சிகனின் அயர்ன் மவுன்டன் பக்கம் காடு வாங்கி, மரம் அறுக்கும் ஆலையும் போட்டார். இடம் பார்த்துக் கொடுத்தவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு. ஃபோர்டின் உறவுப் பெண்ணை மணந்தவர், அந்தப் பக்கத்தில் கார் விற்றவர்.

அறுத்த பிறகு மலையாய்க் குவிந்த கிளை, மரத்தூள் எல்லாம் முதலாளியின் கண்ணை உறுத்தின. கழிவைக் காசாக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஓரிகன் வேதியியலாளர் ஓரின் ஸ்டாஃபர்டின் முறைப்படி அதையெல்லாம் கரியாக்கி, ஸ்டார்ச்சில் பிடித்து, 1920களில் ‘ஃபோர்டு சார்கோல்’ என்று கார் ஷோரூமிலேயே விற்றார். ஆலை பின்னர் கைமாறியது. 1951ல் பிராண்டின் பெயர் கிங்ஸ்ஃபோர்டு ஆனது. மறுவருஷமே, 1952ல், சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் ஆலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவை செய்யும் உலோக உருண்டையைப் பாதியாக்கிக் கால் வைத்து மூடி போட்டார். இன்று கொல்லைப்புறங்களில் நிற்கும் அந்த உருண்டை அடுப்பு அதுதான். மூடி வந்ததால் காற்றைக் கட்டுப்படுத்த முடிந்தது. பிரிக்கெட்டின் நிதானத்துக்கு அப்போதுதான் வேலை கிடைத்தது.

கே: “பிரிக்கெட் எல்லாம் குப்பை, முழுக் கரிதான் ஆம்பளைக் கரி” என்று மச்சான் அடம்பிடிக்கிறார். (டாலஸ் வாசகர்)

ப: கரிக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது என்று சொல்லுங்கள். மச்சானுக்குப் பாதி மார்க் தரலாம். முழு மரக்கரி சீக்கிரம் பிடிக்கும், சூடு அதிகம், சாம்பல் கொஞ்சம். மட்டன் சாப்ஸை ஐந்து நிமிடத்தில் வாட்டி இறக்க அதுவே சரி. ஆனால் பைக்குள் ஒன்று கட்டை, ஒன்று தூள். சூடு ஏறி இறங்கும்.

மாட்டு நெஞ்சுக்கறியை நாள் முழுக்க மெதுவாக வேகவைக்கும் உங்கள் ஊர்ப் பழக்கத்துக்குப் பிரிக்கெட்தான் தோது. அடுப்பு ஓரமாகப் பாம்பு படுத்ததுபோல் இரண்டு வரிசை அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நாலைந்து கங்கு வையுங்கள். ஊர்ந்து ஊர்ந்து மணிக்கணக்கில் எரியும். ‘உடனே பற்றும்’ என்று எரிதிரவம் ஊறவைத்து விற்கும் ரகத்தை இதற்கு எடுக்காதீர்கள். பிடிக்காத கட்டியெல்லாம் சமைக்கும்போதுதான் பிடிக்கும், அந்த நாற்றம் கறியில் இறங்கும்.

கே: எங்கள் ஊர் சீமைக்கருவேலங் கரியில் பார்பிக்யூ போடலாமா? கௌரவக் குறைச்சலா? (ராமநாதபுரம் வாசகர்)

ப: அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அதன் பங்காளிகளை டெக்சாஸில் மெஸ்கீட் என்று கொண்டாடி, காசு கொடுத்து வாங்கிச் சுடுகிறார்கள். கௌரவம் போதுமா? பொறி பறக்கும், வேட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டத்தில் சரியாக வேகாத துண்டு பழுப்பாக இருக்கும், கண் எரியப் புகையும். அதைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள்.

கே: கொட்டாங்குச்சிக் கரி பிரிக்கெட்? (பொள்ளாச்சி வாசகி)

ப: தங்கம். நடுவில் துளையுள்ள அறுகோணக் கட்டியாக இந்தோனேசியாவில் நிறையச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். பசைக்குப் பெரும்பாலும் மரவள்ளி மாவு. புகை குறைவு, நின்று எரியும். பற்றத்தான் நேரமெடுக்கும், அவசரக்காரர்களுக்கு ஆகாது.

கே: இங்கே பாய்லருக்கு விற்கும் பிரிக்கெட் சல்லிசு. அதில் சிக்கன் சுடலாமா? (திருப்பூர் வாசகர்)

ப: சுடலாம், தீயணைப்பு வண்டிக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள். அது கடலைத்தோலையும் மரத்தூளையும் அழுத்திய கட்டி. கரியே ஆகவில்லை. சாம்பிராணிக்கு விற்கும் கரி வில்லையும் வேண்டாம். உடனே பற்ற மருந்து போட்டது.

கே: மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கிறேன். மனைவி திட்டுகிறார். (கோலாலம்பூர் வாசகர்)

ப: அவரிடமே சமையலையும் விடுங்கள். அல்லது அடியில் துளையுள்ள தகரக் குழாய் ஒன்று, கீழே கசக்கிய செய்தித்தாள், மேலே கரி. கால்மணி, இருபது நிமிடத்தில் மேல்கட்டி நீறு பூத்திருக்கும்.

கே: பனி கொட்டுகிறது. கேரேஜ் கதவைத் திறந்துவைத்து உள்ளேயே சுடலாமா? (டொரான்டோ வாசகர்)

ப: கூடாது. இதில் வேடிக்கை இல்லை. எந்தக் கரி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு ஆளைக் கொல்லும். திறந்த கதவு போதாது. சமைத்து முடித்த அடுப்பையும் ஆறிவிட்டது என்று நம்பி உள்ளே கொண்டுவராதீர்கள்.

கே: மழையில் பை நனைந்துவிட்டது. காயவைத்தால் எரியுமா? (யாழ்ப்பாணம் வாசகி)

ப: முழுக் கரி என்றால் நல்ல வெயிலில் பரப்புங்கள், எரியும். பிரிக்கெட் என்றால் பையைத் தூக்கிக் குலுக்குங்கள். கடகடவென்றால் அதிர்ஷ்டம். சத்தமே வரவில்லையென்றால் இன்றைக்குச் சட்டிக் குழம்பு.