சி பாரம் அண்ணாச்சி

சாகுபுரத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் பஸ்ஸைவிட்டு இறங்கினால், செய்தி முதலில் போய்ச் சேருவது போலீஸ் ஸ்டேஷனுக்கு அல்ல, சி பாரம் அண்ணாச்சிக்கு. ஸ்டேஷனுக்கே அவர் சொல்லித்தான் தெரியவேண்டும். தனிப்பிரிவு ஏட்டையா போன் போட்டு, "அண்ணாச்சி, நம்ம பக்கம் புதுசா யாரும் வந்திருக்காவளா?" என்பார். "வந்திருக்கு. ஜெர்மனி. பொம்பளப் பிள்ள. பெரிய பையி ஒண்ணு, சின்னப் பையி ரெண்டு. காரம் ஆவாது" என்று இவர் ஒப்பிப்பார்.

அவருக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். ஊர் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் ஸ்டாப்ளர், பசை பாட்டில், மை பேடு, நான்கு நிற பேனா, வெள்ளைத்தாள், கார்பன் பேப்பர். "இந்தக் காலத்துல கார்பன் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கேட்டுட்டாம்னா?" என்றார். அரசாங்கம் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் அது கேட்குமுன் வைத்திருப்பவர் அவர்.

சட்டம் பெரிய சிக்கலானது ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர் தங்கும் இடத்துக்காரர், அது லாட்ஜோ வீடோ, 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் கொடுக்கவேண்டும்; அதற்கான பாரத்துக்கு வெகுகாலமாகப் பெயர் சி பாரம். படிக்கவோ வேலை பார்க்கவோ 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர், இறங்கிய 14 நாளுக்குள் பதிந்துகொள்ளவேண்டும். மாவட்டங்களில் அதற்கான அதிகாரி போலீஸ் சூப்பரின்டெண்டென்ட். இதற்குப் பயந்தே சில லாட்ஜ் மேனேஜர்கள், வெள்ளைக்காரர் படியேறும்போதே பின்னால் வரிசையாகத் தொங்கும் சாவிகளை மறைத்துக்கொண்டு "ரூம் ஃபுல்" என்றுவிடுவார்கள். அவர்கள் பாரத்தைப் பாரமாகவே பார்ப்பவர்கள். அண்ணாச்சி அதைக் காவடியாகத் தூக்குபவர்.

இதெல்லாம் ஆன்லைனில் வந்து வருஷக்கணக்காயிற்று என்று சொல்லிப் பார்த்தோம். "ஆன்லைன்ல போட்டா ஆளு தெரியுமா, முகம் தெரியுமா?" 1946-ஆம் வருஷத்து அந்நியர் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் என்றும் சொன்னோம். "சட்டம் மாறிட்டு, சரி. ஏட்டையா மாறிட்டாரா?" இதற்கு எந்த வக்கீலிடமும் பதில் இல்லை.

இத்தனைக்கும் இந்த ஊரே வெளியிலிருந்து வந்ததுதான். குஜராத்தின் திராங்கதராவைப் பெயரில் தாங்கிய ஒரு கம்பெனி, 1950-களின் கடைசியில் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் காஸ்டிக் சோடா ஆலை வைத்தது. முதலாளி குடும்பத்துப் பெயர் சாகு. உப்பளத்து வெள்ளைக்கு நடுவே குவார்ட்டர்ஸ் எழும்பி, வடக்கத்திக் குடும்பப் பெயரோடு தமிழ்ப் 'புரம்' ஒட்டிக்கொண்டது. அதற்கு யாரும் சி பாரம் போட்டதாகத் தெரியவில்லை. கேட்டால் அண்ணாச்சி, "அப்ப நான் சின்னப் பிள்ள" என்பார், தன் பொறுப்பில் நடந்த தவறுபோல.

அந்த ஜெர்மன் பெண் நம் கரையோரப் பேச்சை ஆராய வந்தவள். ஒரு வருஷ விசா. பதிய வேண்டிய இடம் தூத்துக்குடி எஸ்.பி. ஆபீஸ். ஆனால் அண்ணாச்சி நேரே அங்கே போக விடுவாரா? "ஊர்ச்சாமியக் கும்பிடாம செந்தூருக்குப் போவலாமாம்மா?" என்று உள்ளூர் ஸ்டேஷனுக்கு முதலில் கூட்டிப்போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

ரைட்டர் பேனாவைத் திறந்தார். "இனிஷியல்?"

"அவியளுக்கு இனிஷியல் முன்னால நிக்காது சார். குடும்பப் பேரு, கடைசில நிக்கும்."

"அப்ப தகப்பனார் பேரு?"

அவள் சொன்னாள். ரைட்டர் இரண்டுமுறை எழுதிப் பார்த்தார். இரண்டும் வேறுவேறாக வந்தன. அண்ணாச்சி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அதில் இல்லாத அப்பா பெயரைத் தேடிவிட்டு, வெள்ளைத்தாளில் அவளையே எழுதச் சொன்னார். வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் வாங்கியானது. பாரத்தில் இல்லாத கேள்வி அடுத்து வந்தது: "அங்க அடையாளம்? மச்சம் ரெண்டு சொல்லணும்மா." அவள் முழங்கையிலிருந்த தழும்பைக் காட்டி, சைக்கிளிலிருந்து விழுந்த கதையைத் தமிழில் சொன்னாள். "விளுந்தேன்" என்றாள். ஸ்டேஷனே எழுந்து நின்று சிரித்தது. பாராவில் நின்ற காவலர் உள்ளே வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"அடுத்து எங்கே போறாங்க?"

"தெரியாது" என்றாள் அவள்.

அண்ணாச்சி பதறிவிட்டார். "தெரியாதுன்னு எழுதினா சந்தேகம் வரும் சார். திருச்செந்தூர்னு போடுங்க." எந்த நாட்டுக்காரர் வந்தாலும் இந்தக் கட்டத்துக்கு அவர் கொடுக்கும் பதில் அதுதான். அந்தத் தாள்களை அடுக்கிப் பார்க்கும் அதிகாரி, உலகத்தில் பாதிப்பேர் முருக பக்தர் என்று முடிவுகட்டுவார்.

மறுநாள் தூத்துக்குடி பஸ். முக்காணி தாண்டிப் பழையகாயல் வந்ததும் அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான்னு கால்டுவெல் சொல்லுதாரு. அரபு நாட்டுக் குதிரையெல்லாம் இங்கதான் எறங்கிச்சு. ஒரு பதிவு உண்டா? ஒண்ணும் கெடையாது. அதான் இன்னைக்கு எது ஊருன்னு சண்டை." அந்தக் காயல் தங்கள் ஊர்தான் என்னும் காயல்பட்டினத்துக்காரர் யாரும் பஸ்ஸில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

மார்க்கோ போலோ பெயரைக் கேட்டதும் எனக்கு வேறொன்று உறைத்தது. முத்துக்குளிக்கும் இடத்தில் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டும் ஆட்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. கடல்கட்டி என்று பின்னாளிலும் அந்த ஆளுக்குப் பெயர் இருந்தது. அவன் கடலில் குதிப்பதில்லை. ஆனால் அவன் இல்லாமல் யாரும் குதிக்கமாட்டார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அந்த உத்தியோகமும் அத்தோடு போயிற்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இதோ பக்கத்து சீட்டில், ரெக்சின் பையோடு உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்தவரை எந்த ஆபீஸிலும் சுறா கடித்ததில்லை. அன்றும் அரைமணியில் வேலை முடிந்தது. அது தன் மந்திரத்தால்தான் என்பதில் அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. இருபதில் ஒரு பங்காக ஒரு டீ, கால் கிலோ மக்ரூன், எஸ்.பி. ஆபீஸ் வாசலில் அவளோடு ஒரு போட்டோ.

திரும்பி வந்த அன்று ராத்திரி அவர் மகன் போன் பண்ணினான். மேல்படிப்புக்குப் போன மாதம்தான் அதே ஜெர்மனிக்குப் போனவன். அங்கேயும் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி ஆபீஸில் பதியவேண்டுமாம். அந்த ஊர்க்காரர்களும் வீடு மாறினால் பதியவேண்டுமாம். தனியாகப் போனானாம்; பத்து நிமிஷத்தில் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

"கூட யாரு வந்தா?"

"யாரும் வரலப்பா."

"டீ?"

"டீயெல்லாம் குடுக்க மாட்டாங்கப்பா."

"அங்க அடையாளம் கேட்டாங்களா?"

"இல்ல."

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஒரு பிள்ள, அத்துவான தேசத்துல, ஒத்தையில போயி ஆபீஸ்ல நின்னிருக்கான்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு எழுந்து உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்தார். கார்பன் வைத்து எடுத்த நகல் ஒன்று அதில் பத்திரமாக இருந்தது. ஜெர்மன் பெண்ணின் தகப்பனார் பெயர், முகவரி, போன் நம்பர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்த ஆரம்பித்தார்.