சுவரில் தொங்கும் மருந்தாளுநர்

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற வழியில் ஒரு மெடிக்கல். கடையின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதன் மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம், எண்ணெய் வைத்து வாரிய தலை, பயந்த கண்கள். அவர்தான் இந்தக் கடையின் பதிவு பெற்ற மருந்தாளுநர். மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றாததுதான் குறை. பதினோரு வருஷமாக இங்கே மருந்து வாங்குகிறேன், இன்னும் அவரை நேரில் தரிசித்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "சார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காருங்கண்ணா" என்றான் கவுண்டரில் நின்ற தம்பி. போன மாதம் மறுபடி கேட்டேன். அதே பதில். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் சீர் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பதினோரு வருஷமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் சுவர் இருந்தால் போதும், மருந்துக்கடையே வைக்கலாம்.

அன்று இரவு ஏழு மணி இருக்கும். தறிக்குப் போகிற ஒருவர் வந்தார். காதோர முடியில் பஞ்சுத் தூசி, தோளில் சாப்பாட்டுப் பை.

"தம்பி, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது. ஒரு செட்டு குடு. ராத்திரி ஷிப்டு."

"காய்ச்சல் இருக்குதுங்களாண்ணா?"

"லேசா கணகணங்குது."

"சளி?"

"இருக்குது."

இரண்டே கேள்வி, நோய் பிடிபட்டுவிட்டது. தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி நாலு டப்பாவிலிருந்து நாலு அட்டைகளை எடுத்தான். கத்தரிக்கோலால் கறக் கறக் என்று வெட்டினான். மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, குட்டி வெள்ளை ஒன்று, நீளமாய் ஒன்று. இப்படி மூன்று வேளைக்கு. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் மிச்சப் பாதியோடு டப்பாவுக்கே திரும்பிப் போயின. வாங்குகிறவருக்கு எதற்கு அதெல்லாம்? "சாப்பிட்டுப் போடுங்கண்ணா, காலையில் பறந்துரும்." பில் கிடையாது. கேட்டால் தம்பி புண்படுவான்.

அந்தக் குட்டி வெள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. "அந்த மெடிக்கல் தம்பிக்கு நல்ல கைராசி" என்று ஊர் பேசுவதற்குக் காரணம் தம்பியின் கையில்லை, இந்த மாத்திரை. வலியும் காய்ச்சலும் ஒரே ராத்திரியில் ஒளிந்துகொள்ளும். வியாதி உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். சர்க்கரை நோய் இருக்கிறவருக்குச் சர்க்கரை எகிறும். நீளமாய் இருந்தது அசித்ரோமைசின், ஆன்டிபயாட்டிக். அதை ஒரு நாளைக்கு மட்டும் போட்டு நிறுத்துவது, கிருமிக்கு நம் ஆயுதத்தைக் காட்டிப் பழக்கிவிட்டு அனுப்புவது மாதிரி. மஞ்சள், வலிக்கான டைக்ளோஃபெனாக். வருஷக்கணக்கில் தின்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. கடன்பட்ட தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய கதை இதே பள்ளிபாளையத்தில்தான் 2025-இல் சந்திக்கு வந்தது. வலி மாத்திரை தின்றது போக மிச்சமிருந்ததைத்தான் பாவம் அவர்கள் விற்றிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? சட்டத்துக்கா நம் நாட்டில் பஞ்சம்? 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. அதன் 1945-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அட்டவணை எச்-இல் உள்ள மருந்தை மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. சீட்டு இருந்தாலும் மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. 2015-இல் வந்த ஒழுங்குமுறை, மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டும் பெயர்ப் பட்டையும் அணிய வேண்டும் என்கிறது. நம் கடையிலும் ஒரு கோட்டு உண்டு. சான்றிதழுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

உரிமம் கேட்டு மனுப் போட்டால் கடைக்கு 10 சதுர மீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது விதி, டேப் பிடித்து அளக்க வேண்டும். குளிர்ப்பெட்டி ஓடுகிறதா என்று கதவைத் திறந்து பார்க்கிறார்கள். மருந்தாளுநர் எத்தனை சதுர அடி இருக்கிறார் என்று அளக்க மட்டும் அந்த டேப்பில் கோடு போடவில்லை போலும்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மருந்தாளுநருக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. சேலத்தில் ஏறி சங்ககிரி, குமாரபாளையம், திருச்செங்கோடு என்று ஒரு சுற்று வாருங்கள். வழியெல்லாம் பார்மசி கல்லூரிப் பலகை. தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் சேர்த்த பணத்தில் பிள்ளையை பி.பார்ம் படிக்க வைக்கிறார்கள். நாலு வருஷம் அவன் எந்த மருந்து எந்த மருந்தோடு சேர்ந்தால் விஷம் என்று படிக்கிறான். படித்து முடித்ததும் அவன் பெங்களூருக்குப் போகிறான், சான்றிதழ் கடைக்குப் போகிறது. வீட்டை வாடகைக்கு விடுவார்கள், லாரியை விடுவார்கள். மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அதன் உறையை மட்டும் வாடகைக்கு விடும் தொழிலை நாம்தான் கண்டுபிடித்தோம்.

மீறி ஒருவன் கவுண்டரிலேயே நின்றான் என்று வையுங்கள். அப்படி நிற்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். "சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் தர முடியாதுங்க" என்று அவன் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "பெரிய டாக்டர் இவரு" என்று முனகிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறோம். சட்டமாவது அவனுக்குத் துணை நிற்கிறதா? எச் வகை மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதிய பிராண்டு கடையில் இல்லை என்றால், அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் அவன் மாற்றிக் கொடுக்கக் கூடாது. விதி 65 அப்படித்தான் சொல்கிறது. நாலு வருஷம் படித்தவன் பிராண்டை மாற்றினால் குற்றம். பத்தாவது படித்த தம்பி நோயையே மாற்றினால் கைராசி.

பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் தாமே மருந்து எழுதிக் கொடுக்க 2006-இல் அனுமதி வந்தது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டைப்புண், காதுவலி மாதிரி ஏழு தொந்தரவுகளுக்கு, டாக்டரிடம் போகாமலே மருந்துக்கடையில் மருந்து வாங்கலாம். அதற்கும் யாருக்கு, எந்த வயதுக்கு, எத்தனை நாளைக்கு என்று வரையறை உண்டு. மொத்தம் ஏழே ஏழு! நம் தம்பி கேட்டால் சிரிப்பான். அவன் கையில் மூட்டுவலியிலிருந்து மூலம்வரை நிற்கிறது.

விதி எழுதுகிறவர்களுக்கும் நம் ஊர் நடப்பு தெரியாமலில்லை. தெரிந்துதான் 2014 மார்ச் 1 முதல் எச்1 என்று புது அட்டவணை கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் 46 மருந்துகள்: வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கப்படுத்தும் தூக்க மாத்திரைகள். விற்றால் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எழுதுகிறார்கள், மறுக்கவில்லை. ஆய்வாளர் வரப்போகிறார் என்ற தகவல் எப்படியோ அவருக்கு முன்பே வந்துவிடும் கடைகளில், மூன்று மாதக் கணக்கு ஒரே இரவில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதி முடிகிறது. அத்தனை நோயாளிகளும் முருகேசன், செல்வி. அத்தனை சீட்டும் ஒரே டாக்டர் எழுதியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஆய்வறிக்கைக்குத் தாராளமாக உதவும்.

பிறகு கேமரா வந்தது. எச், எச்1, எக்ஸ் வகை மருந்து விற்கும் கடைகளில் சிசிடிவி வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் ஆட்சியர்கள் உத்தரவு போட்டார்கள். நல்ல காரியம். சீட்டில்லாமல் மருந்து விற்பதை இப்போது துல்லியமாகப் பதிவு செய்கிறோம்.

கேமரா எதற்கு வந்தது என்பது தெரிந்ததுதான், போதைக்கு மாத்திரை விற்பதைத் தடுக்க. டிராமடால் என்கிற வலி மாத்திரையை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். சந்தை ஒரு மூச்சுகூட விடாமல் டேபென்டடாலுக்கு மாறியது. வலியே இல்லாத இருபது வயதுப் பையன்கள் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் அட்டை அட்டையாகப் பிடிபட்ட செய்தி மாதம் தவறாமல் வருகிறது.

வலி இருக்கிறவர் கதையையும் கேளுங்கள். என் பெரியப்பாவுக்கு வாயில் புற்று. கடைசி மூன்று மாதம் அவர் தூங்கவில்லை. அவர் முனகுவது தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும். புற்று வலிக்கு மார்ஃபின் மாத்திரை போதும், விலையும் குறைவு என்று ஒரு டாக்டர் சொன்னார். சீட்டும் எழுதினார். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்பது கடை ஏறி இறங்கினேன். "அதெல்லாம் வெக்கறதில்லீங்க, ஏகப்பட்ட ரூல்ஸ்" என்றார்கள். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் பயத்தில் இந்தியாவில் மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2014-இல் சட்டத்தைத் தளர்த்தித் திருத்தினார்கள். திருத்தம் டெல்லியிலிருந்து புறப்பட்டுவிட்டதாகக் கேள்வி. எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. சீட்டு வைத்திருந்த கிழவர் கத்திக்கொண்டே செத்தார். அவருக்கு மட்டும் எல்லா விதியும் வார்த்தை பிசகாமல் அமலானது.

கோபத்தில் கோழியை மறந்துவிட்டேன். நாமக்கல்லைப் பற்றி எழுதிவிட்டுக் கோழியை விட்டால் பாவம். கோழிக்கும் மருந்துக்கடை உண்டு, அங்கும் சீட்டு யாரும் கேட்பதில்லை. மனிதனுக்கு வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காதபோது கடைசியாகப் போடுகிற கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த நாடு இது. 2019 ஜூலையில்தான் தடை வந்தது. வேறு கெடு சோதித்து நிரூபிக்கப்படாத மருந்தென்றால், அதைக் கொடுத்த கோழியின் முட்டையைக் குறைந்தது 7 நாளைக்கு விற்கக் கூடாது என்று 2012 முதல் மருந்துப் புட்டியில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோழிக்கு வாசிக்கத் தெரியாது, அது தினமும் முட்டையிடும். நாமக்கல்லில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் முட்டை. மருந்து போட்ட வாரத்து முட்டைகளை எந்தக் குழியில் புதைக்கிறார்கள் என்று யாராவது காட்டினால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதே 1940-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கமும். கேரளத்தில் 2024 ஜனவரியில் 'அம்ரித்' என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கினார்கள். ஆன்டிபயாட்டிக்குக்கு நீல நிற உறை என்றும் வைத்தார்கள், பார்த்ததுமே தெரியட்டும் என்று. கணவாயில் காற்று நன்றாகத்தான் வீசுகிறது, இந்தக் காற்றுதான் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறது.

கடைசியாக அந்த இருமல் மருந்து. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப். எஸ்ஆர்-13 என்கிற தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. சிறுநீரகத்தைக் கொல்லும் தொழிற்சாலை ரசாயனம் அது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். 2025 அக்டோபர் 1-இல் தமிழ்நாடு தடை போட்டது. தடை வந்த வாரம் நான் நம் மெடிக்கலுக்குப் போய், இங்கே அந்த மருந்து வந்ததா, யாருக்காவது விற்றீர்களா என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லீங்கண்ணா" என்றான் தம்பி. "பில்லு யாரு வாங்கறாங்க?"

வாங்குங்கள். விற்ற மருந்துக்கு பில் தர வேண்டியது கடைக்காரரின் கடமை, அதில் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில் போடுகிற நேரத்தில் சுவரில் தொங்குகிறவரைக் காட்டி, இவர் எங்கே என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றால், வரும்வரை அங்கேயே ஓரமாக நில்லுங்கள்.